மணி அடித்த பிறகு வரும் விடை

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு எழுதிவிட்டு வந்த அண்ணன் மகள், பையைக்கூட இறக்காமல் வாசற்படியில் நின்றபடியே சொன்னாள்: "ஒன்பது, மூணு, மூணு, ஒண்ணு."

பத்தாம் வகுப்பு அறிவியல். மெண்டல் பட்டாணிச் செடிகளில் செய்த இரு பண்புக் கலப்பில், இரண்டாம் தலைமுறையில் வரும் விகிதம். சரியான விடைதான்.

"ஹால்ல அத்தனை நேரம் உக்காந்து யோசிச்சேன் சித்தப்பா, வரவே இல்ல. சைக்கிள் ஸ்டாண்டுல பூட்டைத் திறக்கிறேன், வந்து நிக்குது."

தேர்வு எழுதிய யாருக்கும் இந்த எரிச்சல் பழக்கமானது. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் இது ஒரு நல்ல புதிர். தேர்வறைக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவில் அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை, யாரிடமும் கேட்கவுமில்லை. அப்படியானால் அந்த விகிதம் அத்தனை நேரமும் அவள் தலைக்குள்தான் இருந்திருக்கிறது. இருந்தும் கைக்கு எட்டவில்லை.

வீட்டில் உடனே இரண்டு தீர்ப்புகள் வந்தன. "ஒழுங்காப் படிச்சிருந்தா ஏன் வராது?" என்றார் அண்ணி. "பிள்ளை பயந்துபோயிட்டா, விடு" என்றார் அம்மா. படிக்கிற முறை ஒரு விஷயம், தேர்வு பயம் வேறு விஷயம் என்றுதான் நாம் பிரித்து வைத்திருக்கிறோம். பள்ளிகளிலும் முன்னதற்கு ஸ்பெஷல் கிளாஸ், பின்னதற்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர். நினைவைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, இவை இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. பயம் நம்மிடமிருந்து எவ்வளவு பறித்துக்கொள்ளும் என்பது, நாம் எப்படிப் படித்தோம் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது.

மறதியிலிருந்து தொடங்கலாம். அதை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். ஆய்வுக்கு ஆள் தேடவில்லை, தன்னையே ஆளாக்கிக்கொண்டார். ஏற்கெனவே தெரிந்த சொற்களென்றால் பழைய நினைவு கலந்துவிடும் என்பதற்காக, பொருளே இல்லாத அசைகளைச் சுமார் 2,300 தயாரித்து, அவற்றைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தார். பிறகு ஓர் இடைவெளி விட்டு, அதே பட்டியலைத் திரும்ப மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். அவருடைய கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. முதல் முறை 100 நிமிடம் ஆன வேலை இரண்டாம் முறை 66 நிமிடத்தில் முடிந்தால், 34 நிமிடம் மிச்சம். "எனக்கு எதுவுமே ஞாபகமில்லை" என்று நாம் கைவிரிக்கும்போதும் உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது என்பதை அந்த மிச்சம் காட்டிக்கொடுத்துவிடும்.

1885இல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, 20 நிமிடத்தில் மிச்சம் 58 சதவீதமாகக் குறைந்தது. ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34. ஆனால் 31 நாள் கழித்தும் 21 சதவீதம் இருந்தது. சரிவு தொடக்கத்தில் செங்குத்து, பிறகு சமவெளி. ("படித்ததில் முக்கால்வாசி ஒரே நாளில் மறந்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திக்கு மூலம் இந்தக் கணக்குதான். அது பொருளற்ற அசைகளுக்கான கணக்கு, அதுவும் மிச்சமான நேரத்தின் கணக்கு. புரிந்து படித்த பாடம் அவ்வளவு வேகமாக ஓடிவிடாது.)

சரி, மறதியை எப்படித் தடுப்பது? நம் பிள்ளைகளிடம் கேட்டால் ஒரே பதில்தான்: இன்னொரு தடவை படிப்பது. முதல் ரிவிஷன், இரண்டாம் ரிவிஷன், ஹைலைட்டர். இது எவ்வளவு பலன் தருகிறது என்று பார்க்க, அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஒரு சோதனை செய்தார்கள். 2006இல் வெளியானது. சூரியனைப் பற்றி ஒன்று, கடல் நீர்நாய்களைப் பற்றி ஒன்று என்று சின்னச் சின்னப் பாடங்கள். ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு சுற்று. ஒரு குழு நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் தாளை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. எழுதியது சரியா தவறா என்று யாரும் சொல்லவில்லை, திரும்பப் புரட்டவும் விடவில்லை. முதல் குழு பாடத்தை ஏறக்குறைய 14 முறை படித்திருந்தது. இரண்டாவது குழு மூன்றரை முறைகூட இல்லை.

ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே ஜெயித்தார்கள்: 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்தபோது கதை தலைகீழ். 14 முறை படித்தவர்களிடம் 40 சதவீதம் மிஞ்சியிருந்தது. மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

எனக்கு இதைவிடவும் சுவாரசியமாகப் பட்டது வேறொன்று. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று அவர்களிடமே முன்கூட்டிக் கேட்டிருந்தார்கள். அதிகம் நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்தான். பஸ் ஸ்டாப்பில் தினமும் ஒருவரைப் பார்க்கிறோம். முகம் அத்தனை பழக்கம். யாராவது "அவர் பேர் என்ன?" என்று கேட்கும்போதுதான் தெரியும், ஒருநாளும் கேட்டுக்கொண்டதே இல்லை என்று. பக்கத்தைப் பத்தாவது முறை பார்க்கும்போது கண் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்த வழுக்கலை "தெரியும்" என்று எடுத்துக்கொள்கிறோம். இதைச் சரள மயக்கம் என்று சொல்லலாம். ராத்திரி 12 மணிக்கு "எல்லாம் படிச்சாச்சு" என்று தூங்கப்போன பிள்ளை, காலையில் "எதுவுமே தெரியலையே" என்று அழுவதற்குச் சரள மயக்கம் தெளிவதும் ஒரு காரணம்.

மூடிவைத்து நினைவிலிருந்து எடுப்பதற்கு மீட்டெடுப்புப் பயிற்சி என்று பெயர். கிணற்றில் தண்ணீர் இருப்பது ஒன்று, இறைத்து மேலே கொண்டுவருவது இன்னொன்று. படிப்பது கிணற்றை நிரப்பும். தேர்வு கேட்பது இறைக்கிற வேலையை. அந்த வேலையை முதல் தடவையாகத் தேர்வறையில்தான் செய்து பார்க்கிறோம் என்றால் கயிறு எங்கே, உருளை எங்கே என்று தடுமாறத்தானே வேண்டும்? இறைத்த கிணறு ஊறும் என்பார்கள். நினைவின் விஷயத்தில் அது அப்படியே உண்மை. ஒரு விஷயத்தை முயன்று மேலே கொண்டுவரும் ஒவ்வொரு முறையும் அது அடுத்த முறை வருவதற்கு எளிதாகிறது.

நமக்கு இது புதிதா என்ன? புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு "எங்கே, ஒப்பி பார்க்கலாம்" என்ற பாட்டிகள் செய்தது இதைத்தான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் "ஓரெட்டு எட்டு" என்று அடியிலிருந்து தொடங்கும் பிள்ளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரே வரிசையில் ஒப்பித்துப் பழகினால், நினைவுக்கு ஒரே கயிறுதான் கட்டியிருக்கும். கேள்வித்தாள் நடுவிலிருந்து இழுத்தால் வராது. மாற்றி மாற்றி, குறுக்கும் நெடுக்குமாகக் கேட்கப்பட வேண்டும். இடைவெளி விட்டும் கேட்கப்பட வேண்டும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் என்பதைவிட மூன்று நாளில் ஒவ்வொரு மணி நேரம் மேல் என்பது நினைவு ஆய்வில் திரும்பத் திரும்ப உறுதியான முடிவு. தூக்கமும் அப்படியே. 1924இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டாலன்பாக்கும், படித்ததும் தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாகவே மறக்கிறார்கள் என்று காட்டிவிட்டார்கள்.

இனி அம்மாவின் தீர்ப்பு. பயம்.

தேர்வு பயத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஒரு மலை முகட்டுப் படத்தைக் காட்டுவார்கள். கொஞ்சம் பதற்றம் நல்லது, அதிகமானால் கெடுதல் என்று. யெர்கிஸ், டாட்சன் என்ற இருவர் 1908இல் கண்டதாகச் சொல்வார்கள். அவர்கள் சோதித்தது மாணவர்களை அல்ல, எலிகளை. வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் வேறுபடுத்திப் பார்க்கக் கற்றுக்கொடுத்து, தப்பான பெட்டிக்குள் போனால் மின்சாரத்தில் சுண்டினார்கள். வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது, ஷாக் கூடக்கூட எலி சீக்கிரம் கற்றது. வேறுபாடு நுட்பமானபோது நடுத்தர ஷாக்கே உத்தமமாக இருந்தது. அந்த எலியைப் பிற்பாடு பத்தாம் வகுப்பு மாணவராக மாற்றியது பாடப்புத்தகக்காரர்களின் கைங்கரியம். எலியிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு: அச்சத்தால் அதிகம் கெடுவது கடினமான வேலை.

பயம் என்று ஒற்றைச் சொல்லால் சொல்வதை, 1967இல் லீபர்ட், மோரிஸ் ஆகிய இருவரும் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்று உடம்பின் படபடப்பு: உள்ளங்கை வியர்ப்பது, வயிற்றைப் பிசைவது. மற்றது மனத்தின் கவலை: "ஃபெயில் ஆயிட்டா?", "பக்கத்து வீட்டு அக்கா என்ன சொல்வாங்க?" மதிப்பெண் குறைவோடு நெருக்கமாகச் சேர்ந்து நடப்பது கவலைதான், படபடப்பு அந்த அளவுக்கு இல்லை. கை நடுங்கும் பிள்ளையைப் பார்த்துப் பதறும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம்.

கவலை ஏன் கெடுக்கிறது? சமையலறைக்குப் போவோம். பரணிலும் அலமாரியிலும் எவ்வளவு சாமான் இருந்தாலும், காய் நறுக்குவது அடுப்பு மேடையில்தான். மேடை சின்னது. மனத்துக்கும் இப்படியொரு மேடை இருக்கிறது. கேள்வியைப் படித்து, தேவையானதை நினைவிலிருந்து எடுத்து, இரண்டையும் பொருத்திப் பார்ப்பது அங்கேதான். ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974இல் இதை விளக்கினார்கள். தமிழில் செயல் நினைவு எனலாம். ஒரே நேரத்தில் நாலைந்து பொருளுக்கு மேல் அதில் இடமில்லை. "ஃபெயில் ஆயிட்டா?" என்ற கேள்வி ஒரு பெரிய அண்டாவைப்போல மேடையில் வந்து உட்கார்ந்துவிட்டால், அரிவாள்மணையை எங்கே வைப்பது? மணி அடித்ததும் அண்டா இறங்கிவிடுகிறது. சைக்கிள் ஸ்டாண்டில் மேடை காலி. ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று.

இந்த விளக்கத்துக்கு ஆதரவாக ஒரு விசித்திரமான சான்று உண்டு. சியான் பைலாக்கும் தாமஸ் காரும் 2005இல் கல்லூரி மாணவர்களுக்கு மனக்கணக்கு கொடுத்துச் சோதித்தார்கள். நெருக்கடி இல்லாதபோது, செயல் நினைவு விசாலமானவர்கள் நன்றாகச் செய்தார்கள். நெருக்கடியை ஏற்றியதும் கடினமான கணக்குகளில் சறுக்கியவர்களும் அவர்களே. மற்றவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். பெரிய மேடையை நம்பிச் சமைத்தவருக்கே மேடை பறிபோனால் நஷ்டம் அதிகம். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை பொதுத்தேர்வில் ஏன் சொதப்புகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு இது பிடிபடும்.

இத்துடன் நிறுத்தினால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் 2022இல் ஜெர்மனியிலிருந்து ஒரு கல் வந்து விழுந்தது. மரியா தியோபால்டும் அவருடைய சகாக்களும், இறுதித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த 309 மருத்துவ மாணவர்களைப் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் தினமும் ஒரு கணினித் தளத்தில் கேள்விகளுக்கு விடையளித்துத் தயாரானதால், தேர்வுக்கு முன் யாருக்கு எவ்வளவு தெரியும் என்பது பதிவாகியிருந்தது. அந்த அறிவைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட பிறகு, தேர்வு பயம் மதிப்பெண்ணைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லவில்லை. பயந்தவர்கள் குறைவாக வாங்கினார்கள் என்றால், தேர்வறைக்குள் நுழையும் முன்பே அவர்களிடம் குறைவாகத்தான் இருந்தது.

அப்படியானால் அண்டா கதை பொய்யா? பொய் என்று நான் நினைக்கவில்லை. முன்பின் பார்த்திராத கணக்கை மேடையில் வைத்துப் போடுவது ஒரு வேலை, நூறு நாள் கேள்வி கேள்வியாகப் பழகியதை எடுத்து வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்கு மேடையில் இடம் அதிகம் வேண்டாம். ஆனால் ஜெர்மன் ஆய்வு நம் பார்வையைத் தேர்வறையிலிருந்து படிப்பு மேசைக்குத் திருப்பிவிடுகிறது. பயம் களவாடுவதில் பெரும்பங்கு அங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது. பயந்த பிள்ளை தெரியாததைத் தொட மாட்டாது. ஏற்கெனவே தெரிந்த பாடத்தையே திரும்பப் படிக்கும், ஏனென்றால் அது ஆறுதல். மூடிவைத்து எழுதிப் பார்க்காது, ஏனென்றால் வராமல் போனால் என்ன செய்வது? பயம் பிள்ளையைச் சரள மயக்கத்தின் மடியில் கொண்டுபோய்ப் போடுகிறது. மயக்கம் தேர்வறையில் தெளிகிறது. அடுத்த தேர்வுக்குப் பயம் இரட்டிப்பாகிறது.

இரண்டு புரியும் எங்கே பின்னுகின்றன என்பதை நேரடியாகக் காட்டும் சோதனை 2016இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதற்கு முன் ஒரு சின்னப் பின்னணி. மன அழுத்தம் வந்தால் அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்ற இயக்குநீரை விடுகிறது. அது உச்சத்துக்குப் போக இருபது, முப்பது நிமிடமாகும். கார்டிசால் மிகுந்த நேரத்தில், உள்ளே பத்திரமாக இருக்கும் நினைவும் மேலே வர மறுக்கிறது என்று டொமினிக் டி கெர்வெய்ன் 1998இல் எலிகளிலும் 2000இல் மனிதர்களிலும் காட்டியிருந்தார். டஃப்ட்ஸில் ஏமி ஸ்மித்தும் அயன்னா தாமஸும் கேட்ட கேள்வி: எல்லா நினைவும் இதற்கு ஒரே மாதிரி பணிந்துபோகுமா? 120 பேருக்குச் சொற்களும் படங்களும் காட்டினார்கள். பாதிப் பேர் திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தார்கள். மீதிப் பேர் நினைவிலிருந்து எடுத்துப் பழகினார்கள். மறுநாள் இரு குழுவிலும் பாதிப் பேரை மற்றவர்கள் முன்னால் திடீரென்று பேசச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லி வியர்க்க வைத்தார்கள். ஏறத்தாழ 25 நிமிடம் கழித்து நினைவைச் சோதித்தபோது, பார்த்துப் படித்தவர்களில் பதற்றப்பட்டவர்கள் தெளிவாகப் பின்தங்கினார்கள். எடுத்துப் பழகியவர்களிடம் பதற்றம் பலிக்கவில்லை. பதறியவர்களும் பதறாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நினைவு வைத்திருந்தார்கள்.

அவர்களுடைய பயம் போய்விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளங்கை வியர்த்துக்கொண்டுதான் இருந்தது. வியர்த்த கையாலும் இறைக்க முடிந்தது.

பயத்தையே நேராகப் போக்கும் வழிகளும் சோதிக்கப்பட்டுள்ளன. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் கவலைகளை ஒரு தாளில் கொட்டி எழுதினால் மதிப்பெண் கூடுகிறது என்று ரமிரெஸும் பைலாக்கும் 2011இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். மேடையிலிருந்து அண்டாவை இறக்கி வைக்கும் வேலை. எனக்கு மிகவும் பிடித்திருந்த முடிவு. நம் பொதுத்தேர்வில் கேள்வித்தாளைப் படிக்கவும் விவரங்களை நிரப்பவும் 15 நிமிடம் தருகிறார்களே, அதற்கு முன் இதையும் சேர்த்தால் என்ன என்றுகூட நினைத்திருந்தேன். 2018இல் ஒரு பெரிய குழு, புகழ்பெற்ற இரண்டு இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளை மறுபடி செய்து பார்த்தது. 13 தேறின. தேறாத எட்டில் இந்த ஆய்வின் ஆய்வகச் சோதனையும் ஒன்று. பிடித்த முடிவாக இருப்பதும் ஒருவகைச் சரள மயக்கம்தான் போலிருக்கிறது.

எழுதிப் பழகுவதைப் பற்றிய சான்று அதைவிட உறுதியான தரையில் நிற்கிறது. அப்படியானால் நம் பள்ளிகளில் வாரம் தவறாமல் நடக்கும் ஸ்லிப் டெஸ்ட் ஏன் பயத்தைக் குறைக்கவில்லை? நடக்கும் விதத்தைப் பாருங்கள். மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிப்பார்கள். குறைந்தவர் எழுந்து நிற்க வேண்டும். அப்பாவிடம் கையெழுத்து. தப்பான விடைக்குப் பத்து தரம் இம்போசிஷன். இறைக்கப் பழக்க வேண்டிய இடத்தில் கிணற்றடியில் பிரம்போடு ஆள் நிறுத்திவிட்டோம். பூஜா அகர்வாலும் சகாக்களும் அமெரிக்காவில் 1,408 பள்ளி மாணவர்களிடம் கேட்டு 2014இல் வெளியிட்டார்கள். மதிப்பெண் அழுத்தம் இல்லாத சின்னச் சின்னக் கேள்விகளால் வகுப்பில் பழகிய பிறகு, 72 சதவீதம் பேர் தேர்வு பயம் குறைந்தது என்றார்கள். அது அவர்கள் வாயால் சொன்னது, கார்டிசாலை அளந்து சொன்னதல்ல. இருந்தாலும் தேர்வை அளவுகோலாக மட்டும் பார்க்காமல் படிக்கிற வழியாகவும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். பெரிய தேர்விலேயே அந்தப் பிரம்பைக் கீழே போட முடிந்தது. வெள்ளிக்கிழமை ஸ்லிப் டெஸ்டில் ஏன் முடியவில்லை என்று தெரியவில்லை.

பொங்கல் விடுமுறையில் அண்ணன் மகளோடு ஒரு ஒப்பந்தம் போட்டேன். ஒரு பாடம் படித்ததும் புத்தகம் என்னிடம் வந்துவிடும். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், ஞாபகம் வருவதையெல்லாம் எழுத வேண்டும். முதல் நாள் இதயமும் சுற்றோட்டமும். பத்து நிமிடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். முகம் சுண்டிப்போயிருந்தது. "நேத்து எல்லாம் தெரிஞ்சுது சித்தப்பா."

புத்தகத்தைக் கொடுத்தேன். விட்டதையெல்லாம் சிவப்புப் பேனாவால் அவளே எழுதிக்கொண்டாள். இதயத் துடிப்பைத் தொடங்கி வைக்கும் அந்தக் கணுவின் பெயர், மூவிதழ் வால்வு, இன்னும் நாலைந்து. மூன்று நாள் கழித்து மறுபடி எழுதச் சொன்னபோது, கணுவின் பெயரைத்தான் முதல் வரியில் எழுதினாள். வேறு இரண்டு விஷயம் விட்டுப்போயிருந்தது.

தாளை மடித்துக்கொண்டே கேட்டாள்: "இதுக்கு மார்க் போடுவீங்களா?"

"போட மாட்டேன்."

"அப்ப அம்மாகிட்டக் காட்ட வேண்டாம். அவங்க போட்டுடுவாங்க."